குளத்துக்குப் பொருத்தமான மீன்

1961 அக்டோபர் 16, திங்கள்.

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. குறவை என்று எழுதிய இடத்தில் எல்லாம் விரால் என்று இருக்க வேண்டும். இரண்டுக்கும் பாம்புத் தலை, இரண்டும் கருப்பு. சின்னதாக இருக்கும்போது எனக்கு இன்னும் குழம்புகிறது. அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகும். தவறு தெரிந்தால் அடுத்த நாள் தேதியிலேயே ஒப்புக்கொண்டு எழுது, பழையதைத் தொடாதே என்று மாலை வகுப்பில் சங்கையா சார் சொல்லியிருக்கிறார். அதன்படி எழுதுகிறேன்.

இன்று வகுப்பு இல்லை. வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடம் தொழிலாளர் காலனிக்குள் இருக்கிறது. காலனியில் ஒரு சாவு. அதனால் மாலை முழுவதும் கையில் இருக்கிறது. மீன் விஷயத்தை ஆரம்பத்திலிருந்து வரிசையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். யாராவது கேட்டால் சொல்ல வரிசை வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் சிவகாசிக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். பெயர் செல்லப்பாண்டி. அதற்கு முன் கலவைக் கொட்டகையில் எடுபிடியாக இருந்தேன். என் அண்ணன் கருப்பணனும் அங்கேதான் இருந்தான். இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். கொட்டகையில் தீப்பிடித்தபோது வெந்து, வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறிவிட்டன. சோற்றை அம்மா பிசைந்து வைக்க வேண்டும். நான் மாலை வகுப்பில் சேர்ந்து ரசாயனம் படிக்கிறேன் என்று தெரிந்த பிறகு மானேஜர் தனுஷ்கோடி என்னைக் கொட்டகையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார். எடுத்தவர் திரும்பவும் போடலாம். இதை மறைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கம்பெனியின் முன்பக்கம் ஒரு தோட்டம் உண்டு. முதலாளி மதுரையில் யாரோ ஒருவருடைய பங்களாவில் பார்த்துவிட்டு வந்து அதே மாதிரி கட்டினார். குரோட்டன்ஸ், செவ்வரளி, நடுவில் கல் படி இறக்கிய குளம், குளத்தில் அல்லி. அழகுக்குக் கட்டியது. தீப்பிடித்தால் இறைக்கலாம் என்று லைசென்ஸ் கொடுக்கிறவர்களும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அதைத் தினமும் பயன்படுத்தியவர்கள் வேலைக்கு வரும் பெண்கள்தான். இந்தப் பக்கத்தில் கிணறெல்லாம் உப்பு. மதியம் அந்தக் குளத்தில் குடிப்பார்கள், சாயங்காலம் ஆளுக்கொரு குடம் வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். முதலாளி தடுக்கவில்லை. அவர் தர்மசிந்தனை உள்ளவர்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்துத் தண்ணீரை நம்பமாட்டார்கள். மீனைப் பார்த்துத்தான் நம்புவார்கள். புதுக் கிணறு வெட்டினால் முதலில் இரண்டு கெண்டையை விடுவார்கள். அது தங்கினால்தான் குடம் இறங்கும். தோட்டத்துக் குளத்திலும் கெண்டை விட்டிருந்தார்கள். பெண்கள் படியில் நின்று ஒரு பருக்கை போடுவார்கள். மீன் வந்து கவ்வினால் குனிந்து மொள்ளுவார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சோதனை என்ற அளவில் அது சரியான சோதனைதான், மீன் சரியாக இருந்தால்.

ஆவணியில் ஒரு மழை பெய்தது. மறுநாள் காலையில் கெண்டையெல்லாம் வயிறு மேலாக மிதந்தன. பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். ஒருத்தியும் படியிறங்கவில்லை. பேச்சியம்மாள் என்று வெடிக்குத் திரி சொருகும் பெண் ஒருத்தி. எல்லாவற்றுக்கும் முதலில் வாய் திறப்பவள் அவள்தான். "மீனுக்கு ஆகாதது எனக்கு ஆகுமாக்கும்? நான் என்ன மீனவிட மட்டமா?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பயிர் வைக்கும் ஒரு சம்சாரியின் தோட்டத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. அங்கே போய், அவர் மாடு கட்டிக் கமலை இறைத்து முடிக்கும்வரை காத்திருந்து, மொண்டுகொண்டு திரும்பி வருவதற்குள் அரை நாள் போய்விடும். தீபாவளி சீசன். வடக்கத்தி ஆர்டர் நிறைய. லோடு நிற்கிறது.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். குளத்துக்கு வேறு மீன் வேண்டும், பொருத்தமானதாகப் பார்த்துச் சொல் என்றார். நான், கொட்டகையில் மருந்து டிரம் கழுவிவிடும் தண்ணீர் மழையோடு சேர்ந்து குளத்துப் பக்கம் சரிந்து வந்திருக்கலாம், வாய்க்காலைத் திருப்பிவிட்டுக் குளத்தை இறைத்துவிட்டு என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏலே, நான் ஒங்கிட்ட தண்ணியப் பத்தியா கேட்டேன்? மீனப் பத்தித்தானே கேட்டேன்."

பிறகு சாதாரணமாக, கலவைக் கொட்டகையில் ஆள் குறைகிறது, யாரை அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். இரண்டு பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் அப்போதே யோசித்தேன். இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உறுதியில்லாத ஒன்றைச் சொல்லி ஒருவர்மேல் பழி போடக்கூடாது.

கேட்டது மீனைப் பற்றி. அதை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் மண்தொட்டிகளை இரண்டு வரிசையாக வைத்தேன். முதல் வரிசையில் குளத்துத் தண்ணீர். இரண்டாவது வரிசையில் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர். உப்புக் கரிக்கும், ஆனால் வேறு ஒன்றும் கலக்காதது. கெண்டை, ஜிலேபி, கெளுத்தி, விரால் என்று நான்கு வகை. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொன்று. அண்ணன் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

குளத்துத் தண்ணீரில் கெண்டை மதியத்துக்குள் செத்தது. ஜிலேபி மறுநாள். கெளுத்தி இன்னும் ஒரு நாள் தாக்குப்பிடித்தது. விரால் இருந்தது. மூச்சு முட்டும்போது மேலே வந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது. பெத்தணன் சொன்னதும் அதுதான். கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர் அவர். அவரிடம்தான் வாங்கினேன். "விராலு கேட்டு வர்றவுக ரெண்டே பேருதான். கறிக்குக் கேக்குறவன் ஒருத்தன். கெட்ட தண்ணிக்குக் கேக்குறவன் ஒருத்தன். நீ எதுக்குய்யா கேக்க?" என்றார். தோட்டத்துக்கு என்றேன். அவர் என் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வரிசையில் நான்கு மீனும் நன்றாக இருந்தன.

அந்த இரண்டாவது வரிசை தேவையே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றைச் சோதிக்கும்போது, மாற்றாத ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார் என்று பாடத்தில் இருந்ததால் வைத்தேன். மீனைத் தேர்ந்தெடுக்க முதல் வரிசையே போதுமானது. அண்ணன் மட்டும் கேட்டான்: "ரெண்டுக்கும் தண்ணிதானலே வித்தியாசம்?" ஆமாம் என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

விராலைக் குளத்தில் விட்டோம். அது துள்ளி வெளியே வந்துவிடும் ஜாதி, பானைக்கு வாயில் துணி கட்டித்தான் கொண்டுவர வேண்டும். பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். நல்ல வளர்த்தி, கருப்பாக மின்னியது. பேச்சியம்மாள், "இத வேடிக்கை பாக்கவா வாங்குனீக? புளிய கரைச்சு ஊத்துனா ஊரே மணக்குமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தோட்டக்காரர் அடிக்க வருவது போலக் கையை ஓங்கினார். இரண்டு நாள் கழித்துக் குடம் இறங்கியது. லோடு கிளம்பியது. மானேஜர் எனக்கு ஆபீஸுக்குள் ஒரு மேசை போடச் சொன்னார்.

இதற்கு நடுவில் நான் சங்கையா சாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். பச்சை வெளிச்சம் வருவதற்குக் கம்பெனியில் ஒரு வெள்ளை உப்புச் சேர்ப்பார்கள். டிரம்மில் ஒட்டியிருப்பதும் அதுதான். அதைப் பற்றிப் பொதுவாகக் கேட்டேன். அவர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதன் பங்காளி ஒன்றைத்தான் எலிக்கு வைக்கிறார்கள் என்றார். வயிற்றுக்குள் போனால் முதலில் வாந்தி, பிறகு கால் சொல்பேச்சுக் கேட்காது, பிறகு கை, கடைசியில் மூச்சு. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கன பாத்த இத?"

"பொஸ்தகத்துல பேரு வந்துச்சு சார்."

"எந்தப் பொஸ்தகத்துல?"

நான் நோட்டைத் திறந்து எழுதுவது போலக் குனிந்துகொண்டேன். வகுப்பில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறார். எதையோ எதிர்பார்க்கிறார் என்று தெரிகிறது. அவர் நேராகக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

புரட்டாசியில் பெண்கள் சிலருக்குக் கை விரல் மரத்துப்போவதாகப் பேச்சு வந்தது. வெயில் என்றார்கள், பித்தம் என்றார்கள். குத்தவைத்து எழுந்தால் முழங்கால் நடுங்குகிறது என்று ஒருத்தி சொன்னபோது, மாப்பிள்ளை வரும் நேரமாடி என்று கேலி செய்தார்கள். சுகாதாரம் பார்க்கும் ஒருவர் வந்தார். குளத்துப் படியில் நின்றார். விரால் மேலே வந்து வாயைத் திறந்தது. அவர் தலையசைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். பொருத்தமான மீன் என்று அப்போது எனக்கு உறுதிப்பட்டது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. உண்மையை எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும்.

வேலுத்தாய் அக்காவைப் பற்றி இனி எழுத வேண்டும். புஸ்வாணத்துக்கு மண் இடிக்கிறவள். புருஷன் இல்லை. இருளம்மாள் என்று ஒரே பெண், ஆறு வயது. அந்தக் குழந்தைக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தது. இளைத்துப் போயிருந்தாள். எப்போது பார்த்தாலும் தாகம் தாகம் என்பாளாம். வேலுத்தாய் ஒருநாள் காலையில் வேலை தொடங்கும் முன் வெறும் குடத்தோடு என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். ஆபீஸுக்குள் அவர்கள் வருவது வழக்கமில்லை.

"தம்பி, நீ படிக்கிற பிள்ள. தண்டவாளத்துக்கு அங்கிட்டு ஓடிப்போயி நல்ல தண்ணி கொண்டாறணும்னா ஒருநேர வேலை போயிரும். போனாலும் பரவால்ல, புள்ளைக்குத்தானே. நீ சொல்லு. இதக் குடுக்கலாமா?"

மானேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. நான் அவளிடம், "மீனெல்லாம் நல்லா இருக்குல்லக்கா" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். குடிக்கலாம் என்று சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைப் பல தடவை திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் குடிக்கலாம் என்ற சொல் கிடையாது. அவள், "ஒன் வாய்க்குச் சக்கரதான் போடணும்" என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் போனாள்.

அவள் காய்ச்சித்தான் கொடுத்தாள். கவனமான தாய். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கெட்டியாகும். இது எங்கள் பாடத்தில் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது.

மேலே ஒரு இடத்தில் வரிசை தவறிவிட்டது. வேலுத்தாய் வந்து கேட்ட அந்தக் காலையில், அவள் வருவதற்கு முன் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை. எழுதும்போது கை அதைத் தாண்டிப் போய்விட்டது.

அன்று நான் சீக்கிரம் வந்திருந்தேன். அல்லி இலைக்குப் பக்கத்தில் ஒரு விரால் மிதந்தது. பெரியது. விராலும் சாகும் என்பதை நான் எதிர்பார்க்காமல் இல்லை. அதனால்தான் வீட்டுக் கொல்லையில் இரண்டாவது வரிசைத் தொட்டிகளைக் கலைக்காமல், அதில் சில விரால்களை வாங்கி வைத்திருந்தேன். செத்ததை எடுத்துச் செவ்வரளி அடியில் புதைத்தேன். சைக்கிளில் வீட்டுக்குப் போய், ஈரச் சாக்கில் ஒன்றைச் சுற்றி எடுத்துவந்து விட்டேன். அது குளத்தைச் சுற்றிவந்தது. கையைக் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தபோதுதான் வேலுத்தாய் வந்தாள். ஆகவே மீன் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னபோது, சொன்னது பொய்யில்லை.

அதுதான் முதல் தடவை என்றும் இல்லை. பிறகும் செய்திருக்கிறேன். பெண்கள் வரும் முன் வருவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மானேஜருக்குக்கூடத் தெரியாது. ஒரு வேலையை எடுத்தால் முழுசாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவன் நான்.

இருளம்மாளுக்கு வெள்ளிக்கிழமை வாந்தி. சனிக்கிழமை எழுப்பி நிற்கவைத்தால் கால் மடங்கியது. அம்மை திரும்பிவிட்டது என்று வேப்பிலை கட்டினார்கள். விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மை போட்ட வீட்டிலிருந்து பிள்ளையை வெளியே தூக்கக்கூடாது என்று வேறு யாரோ தடுத்தார்கள். நான் சனிக்கிழமை மாலை காலனி வழியாகத்தான் வகுப்புக்குப் போனேன். வாசலில் கூட்டம் இருந்தது. குழந்தை கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கை அசையவில்லை. வேலுத்தாய் மடியில் வைத்துச் சங்கால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அப்போது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு வரிசையாகப் பதில் என்னிடம் அப்போது இல்லை. நான் வகுப்புக்குப் போனேன். அன்று பாடம் நீராவி.

நேற்று ஞாயிறு. மாலையில் உட்கார்ந்து மீன் வகைகளைப் பற்றி எழுதினேன். அதில்தான் அந்தக் குறவைத் தவறு.

இன்று விடியும்போது குழந்தை இறந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் எங்கள் கம்பெனித் தோட்டத்துக் குளத்திலிருந்துதான் வந்தது. பேச்சியம்மாள்தான் குடத்தைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தாள். நானும் போயிருந்தேன். போகாவிட்டால் யாராவது கவனிப்பார்கள். பேச்சியம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தேகமா, வெறும் களைப்பா என்று தெரியவில்லை. வேலுத்தாய் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னக் கேட்டுட்டுத்தானய்யா குடுத்தேன். கடேசி மட்டும் எம்புள்ளைக்கு நல்ல தண்ணிதான் குடுத்தேன். அந்த மட்டும் எனக்கு மனசு ஆறுது."

நான் தலையசைத்தேன். அவளுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அது. அதை எடுத்துவிடுவது கருணை ஆகாது. இதை நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மதியம் மானேஜர் கூப்பிட்டார். இந்தச் சாவில் எல்லாரும் மனம் கலங்கியிருக்கிறார்கள், முதலாளி காலனிக்கென்றே ஒரு ஊரணி வெட்டித் தர ஒப்புக்கொண்டார் என்றார். கொட்டகைக்குப் பின்னால் சரிவில் ஏற்கெனவே ஒரு பள்ளம் இருக்கிறது, டிரம் கழுவும் வாய்க்கால் போய் முடியும் இடம், அதையே கொஞ்சம் ஆழப்படுத்திவிடலாம், இந்த மழைக்கே நிரம்பிவிடும் என்றார். நான் வாய் திறக்கும் முன் அவர் என் முகத்தைப் பார்த்தார். மீன் மட்டும் இப்போதே பார்த்து வை என்றார். சரி என்றேன்.

எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நடந்தது எல்லாம் இதில் இருக்கிறது. தண்ணீர் கெட்டது என்று தெரியும். அதைக் குடிப்பார்கள் என்று தெரியும். குடிக்கவைப்பதற்காகத்தான் அந்த மீன் என்றும் தெரியும். குழந்தைக்கு என்ன ஆகிறது என்று, மற்ற எவருக்கும் தெரியும் முன் எனக்குத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்து இன்றுவரை என்னிடம் கேட்டது மீனைப் பற்றித்தான். கேட்ட அளவில் நான் எங்கும் தவறு செய்ததாகத் தெரியவில்லை.

நாளை செவ்வாய். காலை முதல் பஸ்ஸில் கண்மாய்க்குப் போய்ப் பெத்தணனைப் பார்க்க வேண்டும். பானை, வாய் கட்டத் துணி, ஈரச் சாக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். குஞ்சுகள் வேண்டாம், அவை தாங்காது. வளர்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும்.